மணற்பானைக்குள் வைத்த குழாய்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு சோதனைக் குழாய். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே ஒரு தாதி அதைப் பிடித்திருந்தாள். உள்ளே செங்கல் நிறத்தில் கலங்கிய நீர் இருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம்.

"ஐயா முழிச்சிட்டார்," என்று அவள் யாருக்கோ சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். "உங்கடை பேர் என்ன, சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். ஊரைக் கேட்டாள். வேலணை என்றேன். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். தெரியவில்லை. கொழும்பில் பத்திரிகைக் கந்தோரில் முப்பது வருடம் ஒவ்வொரு நாளும் திகதியைப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நான்.

"வியாழன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொண்டு வந்தவை. நல்லா வெருட்டிப் போட்டியள்."

"அந்தக் குழாயில் என்ன?"

"உங்கடை சலந்தான். நேற்று இதைவிட மோசம்."

நீரிழிவுக்காரருக்கு இந்தச் சோதனை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீல நிறமான ஒரு கரைசலில் சில துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். எனக்கு நடந்ததை டொக்டர் இப்படி விளக்கினார்: உடலுக்குத் தேவையான இன்சுலின் கிடைக்காதபோது அது சீனியை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, அந்தப் புகை போல இரத்தத்தில் அமிலம் சேருகிறது, மூச்சு ஆழமாகி, வயிறு நொந்து, வாந்தி வந்து, கடைசியில் நினைவு தப்புகிறது. இளம் டொக்டர். கதைக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"ஊசியைத் தவற விட்டனீங்களோ?"

"இல்லை. குறைச்சனான்."

"ஆர் குறைக்கச் சொன்னது?"

"மெசின்."

அவர் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மெசின் என்றது என் மகள் வதனா ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. உள்ளங்கையில் அடங்கும். விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை 'ஸ்ரிப்' என்ற மெல்லிய பிளாஸ்ரிக் துண்டின் நுனியில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்துப் பஞ்சால் துடைத்து, இன்னொரு நிமிடம் பொறுத்து, மெசினுக்குள் செருகினால் இரத்தத்தில் உள்ள சீனி எவ்வளவு என்று எண் விழும். ஸ்ரிப்பின் நுனி நிறம் மாறுவதை, ஸ்ரிப்புகள் அடைத்து வரும் சிறு குழாயின் வெளிப்பக்கத்தில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு, மெசின் இல்லாமல் கண்ணாலும் மட்டுக்கட்டலாம். ஸ்ரிப் ஒருமுறை பாவித்தால் முடிந்தது. எங்கள் வேலணைத் தீவில் வேறெவரிடமும் இது இருந்ததாக நான் அறியவில்லை. பட்டணத்து மருந்துக் கடைகளிலும் ஸ்ரிப் இல்லை.

மெசின் வந்த அன்றே ஸ்பிரிட் விளக்கையும் நீலக் கரைசலையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டு மனோன்மணிக்கு அதில் சந்தோசம். அந்த மணம் வேலி தாண்டி வருகிறது என்று முன்பு சொல்லுவாள். மனோன்மணியின் கணவருக்குத் தெற்கே காலி நகரில் துணிக்கடை இருந்தது. எண்பத்து மூன்றில் கடை எரிந்தபின் ஊருக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். நானும் எண்பத்து மூன்றில்தான் கொழும்பிலிருந்து வந்தவன். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து நுழையும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் எனக்குக் காலையில் குரக்கன் பிட்டு வரும், பின்னேரம் "அண்ணை, இருக்கிறியளோ?" என்ற குரல் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் குரலுக்குப் பதில் வராததால் அவள் உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். வான் பிடித்து, மண்கும்பான் தாண்டி, மண்டைதீவுச் சந்தி தாண்டி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு எதுவும் நினைவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்குக் காசில்லை, ஊசிக்குக் காசில்லை. காத்திருப்பதுதான் வேலை. இரத்தம் எடுப்பார்கள், ஆய்வுகூடத்திலிருந்து துண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். டொக்டர் வரும்வரை, சேலைன் போத்தல் முடியும்வரை, மின்சாரம் வந்து மின்விசிறி சுற்றும்வரை. பத்திரிகையில் இருந்தவனுக்குக் காத்திருப்பு பழக்கமில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நேரம் இருந்தது.

கடினமானது நோயாளரைப் பார்க்கவரும் நேரம். மணி அடித்ததும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறிவரும். பக்கத்துக் கட்டிலில் சுன்னாகத்து மனிதர் ஒருவர், ஈரலில் வருத்தம். அவரைச் சுற்றி மனைவி, கொழுந்தி, மருமக்கள் என்று நின்றார்கள். யார் சோடா கொண்டு வந்தது, யார் கொண்டு வரவில்லை என்று அவர்களுக்குள் சண்டை.

"இந்த மனுசனுக்குச் சோடா குடுக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்ப எனக்குத் தாவன். நான் பஸ்ஸிலை நிண்டு வந்தனான்."

நான் கண்ணை மூடிக்கொள்வேன். நித்திரை என்று நினைத்தால் ஒருவரும் "உங்களுக்கு ஆக்கள் வரேல்லையோ?" என்று கேட்கமாட்டார்கள். முதல் நாள் கேட்டார்கள். மகள் ஜேர்மனியில் என்றேன். "அப்ப உங்களுக்கென்ன குறை," என்றார் சுன்னாகத்தார்.

மனோன்மணி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். வேலணையிலிருந்து பஸ் எப்போது வரும், வராது என்று எவருக்கும் தெரியாத காலம் அது. பெரும்பாலும் பார்வை நேரம் முடிகிற மணியோடுதான் அவள் வந்து சேர்வாள். பிளாஸ்ரிக் கூடையை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "கோழி மூண்டும் நிக்குது. தண்ணித்தொட்டி கழுவினனான்," என்று செய்தி சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் செய்தியை அடுத்தமுறை அவள் வரும்வரை வைத்திருப்பேன்.

டொக்டர் மெசினையும் ஸ்ரிப்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவளிடம் சொன்னேன். அடுத்தமுறை வந்தபோது டொக்டரும் வாட்டில் நின்றார். துவாயில் சுற்றிய மெசினை முதலில் எடுத்தாள். பிறகு ஸ்ரிப் குழாயை எடுத்துக் கொடுத்தாள். குழாயின் அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"இது எங்கை இருந்தது?" என்றார் டொக்டர்.

"பானைக்குள்ளை," என்றாள் மனோன்மணி. குரலில் பெருமை இருந்தது. "இன்சுலின் வைக்கிற மணற்பானை. எங்களிட்டை ஃபிறிட்ஜ் இல்லைத்தானே, டொக்டர். அண்ணை இதை அலுமாரிக்குள்ளை வச்சிருந்தவர், இந்த வெக்கையிலை. வெளிநாட்டுச் சாமான், பழுதாப் போகுமெண்டு நான்தான் எடுத்து ஈர மணலுக்கை வச்சனான்."

எங்கள் தீவில் இன்சுலின் போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. குசினி மூலையில் ஒரு மண்பானை, பாதிவரை மணல், நாளுக்கு இருமுறை தண்ணீர். நடுவில் மருந்துப் போத்தல். நல்ல குளிர்ச்சி இருக்கும். இன்சுலினுக்கு அது பொருந்தும். ஸ்ரிப்புக்கு ஈரம் ஆகாது. காற்றில் உள்ள ஈரத்தையே தாங்காது என்பதால்தான் மூடியின் உட்பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் தூள் வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் குழாயிலும் அச்சிட்டிருந்தது, ஜேர்மன் மொழியில். இரண்டு மொழிகளில் அச்சுப்படி திருத்திய எனக்கு அது மூன்றாவது மொழி. அவள் பானைக்குள் வைத்ததைக் கண்டபோது எனக்கும் அது சரியாகவே பட்டது.

டொக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"மனோன்மணி, கீழை போய்ச் சுடுதண்ணி கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாறீரோ?"

அவள் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள். டொக்டர் அந்தக் குழாயிலிருந்து ஒரு ஸ்ரிப்பை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தார். மெசின் நூற்றுப் பத்து என்றது. அவள் வருமுன் ஊசியால் எடுத்து அனுப்பிய இரத்தத்துக்கு ஆய்வுகூடத் துண்டு முந்நூற்று நாற்பது என்று வந்திருந்தது. வீட்டில் தாகம் தாகம் என்று நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாட்களில் மெசின் இப்படித்தான் நல்ல எண்களாகக் காட்டியிருக்கிறது. தாகத்தைப் பங்குனி வெயில் என்று நினைத்தேன். எண்ணைப் பார்த்து ஊசியின் அளவைக் குறைத்தேன்.

"அவவுக்குச் சொல்லப் போறியளோ?" என்றார் டொக்டர்.

"இல்லை."

"வேறை குழாய் இருக்கோ?"

"அலுமாரிக்குள்ளை ஒண்டு. இன்னும் சீல் உடைக்கேல்லை."

"அதை உலர்ந்த இடத்திலை வைச்சிருங்கோ. கண்ணாலை நிறம் பாக்கிறதெண்டால் கத்திரிக்கோலாலை நெடுக்கை இரண்டாய் வெட்டலாம். இரண்டு தரத்துக்கு வரும். ஆனால் வெட்டினது மெசினுக்குள்ளை போகாது. கண் மட்டுக்குத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "இவ்வளவு ஸ்ரிப் மகளுக்கு எப்பிடிக் கிடைக்குது?"

சொன்னேன். வதனாவுக்கும் நீரிழிவு. பத்தொன்பது வயதில் வந்தது, அன்றிலிருந்து ஊசி. அவள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் மருத்துவக் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள். கழிப்பது கட்டாயம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிடிப்பார்கள். அதேபோல டொக்டர் எழுதிக் கொடுத்தால் காப்புறுதி ஸ்ரிப் கொடுப்பதும் கட்டாயம். ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய் கிடைக்கும். அதில் ஒன்று எனக்கு வரும்.

"அப்ப அவ எதைக் கொண்டு பாக்கிறா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த நோய் விளக்கங்கள் எல்லாவற்றையும் விட அந்தக் கேள்விதான் என்னோடு தங்கியது. மாதக் கணக்காக அந்தக் குழாய்களை வாங்கி வைத்திருக்கிறேன். அது எதில் பாதி என்று கேட்டுப் பார்க்கவில்லை. செய்தி கொண்டுவரும் நிருபரிடம் முதலில் கேட்கும் கேள்வி அது.

மனோன்மணி சுடுதண்ணீரோடு வந்தாள். "டொக்டர் என்னவாம்?"

"ஸ்ரிப் பழுதாம்."

"பாத்தியளே. பானைக்குள்ளை வச்சும் பழுது. அலுமாரிக்கை கிடந்திருந்தால் என்ன கதியோ."

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தெற்கில் கடை வைத்திருந்து திரும்பியவர்கள் சேர்ந்து எங்கள் தீவுப் பகுதிக்கு ஒரு வைத்திய நிதி தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் மாதச் சந்தா கட்ட வேண்டும். கட்டாதவர்களின் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படும். வருத்தம் வந்தால் நிர்வாகம் பார்த்துக் கொடுக்கும். இன்சுலின் போடும் அங்கத்தவர்களுக்கு ஸ்ரிப் வாங்கிக் கொடுப்பதை நிதியின் கடமையாக்க வேண்டும் என்று நான் பிரேரணை எழுதினேன். கொழும்பில் முகவர் மூலம் எடுப்பிக்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். பிரேரணை நிறைவேறினால் வதனா தன் குழாய் இரண்டையும் தானே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊசி போடும் மற்றவர்களுக்கும் நன்மை என்பது உண்மை. அதைத்தான் பிரேரணையில் எழுதினேன்.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். தலைவர் தருமலிங்கத்தார், மாத்தறையில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் மனோன்மணி, பனையோலை விசிறியோடு.

நான் எழும்பிச் சொன்னேன். "சந்தா கட்டாயம். நல்லது. ஆனால் குடுக்கிறது மட்டும் நிர்வாகத்தின்ரை விருப்பம். வாங்கைக்குள்ளை கட்டாயமெண்டால் குடுக்கைக்குள்ளையும் ஒரு கட்டாயம் இருக்கோணும். சீனியைப் பாக்காமல் இன்சுலின் போடுறது கண்ணைக் கட்டிப்போட்டு வள்ளம் ஓட்டுற மாதிரி."

பின்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். எழுவைதீவிலிருந்து வந்திருந்த மரியாம்பிள்ளை எழும்பினார். கடற்தொழிலாளி, கூட்டத்துக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சண்டைக்காரர் இல்லை.

"ஐயா வள்ளம் எண்டவர். எங்கடை பக்கத்திலை பிள்ளைப்பேறு வருத்தம் வந்தால் வள்ளத்திலைதான் ஏத்திறது. நேவி கடலிலை நிண்டால் அதுவும் ஏலாது. போன மாசி மாசம் என்ரை தங்கச்சியின்ரை மகள் கரையிலையே பெத்தவள், பிள்ளை தப்பேல்லை. அந்த வள்ளக் கூலிக்கு நிதி குடுத்தே தீரோணும் எண்டு எங்கையும் எழுதியிருக்கோ? நாங்களும் சந்தா கட்டிறம்."

என் குறிப்புகளைப் பார்த்தேன். இரண்டுமே கட்டாயமாக இருக்கலாமே என்று சொன்னேன். சொல்லும்போதே நிதியில் இரண்டுக்கும் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தருமலிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றினார். "இஞ்சை ஒரு விசயம் கேக்கோணும். நீர் முப்பது வருசம் மற்றவையின்ரை பிழையைப் பிடிச்ச மனுசன். உம்மடை வீட்டிலை மெசின் இருந்தது, ஸ்ரிப் இருந்தது. அப்பிடியிருந்தும் நினைவு கெட்டுப் பெரியாஸ்பத்திரியிலை கிடந்தீர். ஏன்?"

"ஸ்ரிப் பழுதாப் போச்சுது."

"அதுதான் கேக்கிறன். எப்பிடிப் பழுதாப் போனது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "முதலிலை மெசினுக்குச் சந்தா கட்டுங்கோ!" சிரிப்பு எழுந்தது. மனோன்மணி சிரிக்கவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் என்ன சொன்னார் என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஈரம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மணற்பானை அந்த மண்டபத்தில் பாதி வீடுகளில் இருந்தது. மெசினில் பிழையில்லை, இந்த ஒரு விசயத்தைச் சொல்லிக் கொடுத்தால் எவரும் பாவிக்கலாம் என்று விளக்கியிருக்கலாம். என் பிரேரணைக்கு அதுதான் முதுகெலும்பு.

"மூடியைச் சரியா மூடாமல் விட்டிட்டன்," என்றேன். "என்ரை கவனக்குறைவு."

"படிச்ச நீரே மூடி மூட மறந்தால்," என்றார் தருமலிங்கத்தார், ஏளனமில்லாமல், "மற்றச் சனத்துக்கு இதைக் குடுத்து நாங்கள் ஆபத்தை விலைக்கு வாங்கிறதோ?"

கை உயர்த்தினார்கள். பிரேரணை தோற்றது. ஊசி போடும் அங்கத்தவர்களுக்கு கிளினிக் போய்வரும் பஸ் கூலியும், சலம் பார்க்கும் நீலக் கரைசலும் கொடுப்பதென்று முடிவாகியது. வள்ளக் கூலிப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போனது. மரியாம்பிள்ளை வாசலில் என் கையைப் பிடித்து, "கோவிக்காதேங்கோ ஐயா," என்றார். கோபமில்லை என்றேன். இருக்கவும் இல்லை.

மனோன்மணியும் நானும் ஒழுங்கையால் நடந்து வந்தோம்.

"மூடியே அண்ணை காரணம்?"

"ஓம்."

"சொல்லியிருந்தால் நான் வந்து மூடி விட்டிருப்பன். எனக்கென்ன வேலை." பிறகு, "இனி ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன்," என்றாள்.

"இனி அலுமாரியிலைதான் வைக்கச் சொன்னவர் டொக்டர்."

"டொக்டர்மாருக்கு எங்கடை வெய்யில் தெரியாது," என்றாள் அவள். பொட்டால் குனிந்து தன் வளவுக்குள் போனாள்.

அலுமாரியில் இருந்த குழாயை அன்றே சீல் உடைத்துத் திறந்தேன். ஸ்ரிப்புகளைச் சவரக் கத்தரிக்கோலால் நெடுக்காக வெட்டினேன். மெசினைத் துவாயில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். பிறகு வதனாவுக்கு எயர்மெயில் எழுதினேன். ஆஸ்பத்திரி விசயத்தை மூடிக் கதையோடு சுருக்கி, கூட்டத்தின் முடிவை அப்படியே எழுதினேன். டொக்டர் சொன்ன வெட்டும் முறையையும் எழுதினேன். எனக்கு இது தாராளமாகக் காணும், இனி அனுப்ப வேண்டாம், உன் இரண்டு குழாயையும் நீயே வைத்துக்கொள், நீ மெசினில் பார்க்க வேண்டியவள் என்று எழுதி, கடைசி வரியின் கீழ் கோடிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பழக்கம் போக நாளெடுத்தது. காலை ஆறு மணிக்கு விழிப்பு வரும். யன்னலில் எவரும் நிற்கமாட்டார்கள். ஸ்பிரிட் விளக்கைத் திரும்பவும் ஏற்றினேன். நிறம் பெரும்பாலும் பச்சை, சில நாள் நீலம். வேலிக்கு அப்பாலிருந்து, "மணக்குது அண்ணை!" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே யன்னலைத் திறந்து வைத்தேன்.

ஆவணி மாதம் தபால்காரர் சின்னப் பொதி ஒன்று கொண்டுவந்தார். ஜேர்மன் முத்திரை. உள்ளே ஒரு குழாயும் நாலு வரிக் கடிதமும். "எனக்குக் காணும் அப்பா. யோசியாதேங்கோ. மூடியை இறுக்கி மூடுங்கோ," என்று எழுதியிருந்தாள்.

குழாயைத் திறந்து கையில் கொட்டினேன். உள்ளே இருந்த ஸ்ரிப்புகள் எல்லாம் நெடுக்காக வெட்டிய பாதிகள்.